வன்முறையில் பாதிக்கப்பட்ட குடும்பம் முதலில் எந்தக் கதவைத் தட்டுவது? நிவாரணப் பணம், மனநலச் சிகிச்சை: ஓர் ஒப்பீடு

அரிவாள் வெட்டு, கொலை, பாலியல் வன்முறை, அமில வீச்சு என்று ஏதோ ஒன்று ஒரு குடும்பத்தின் மேல் வந்து விழுந்தால், முதல் சில நாட்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஜி.எச்.சுக்கும் அலைவதிலேயே போய்விடும். அப்புறம்தான் வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், வேலைக்குப் போகாததால் நின்றுபோன கூலி எல்லாம் கண்ணில் படும். அந்த நேரத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "கலெக்டர்கிட்ட மனு குடு" என்பார் ஒருவர். "கேஸ் முடியட்டும், கோர்ட்டே வாங்கிக் குடுக்கும்" என்பார் இன்னொருவர். எதிர்த்தரப்பிடம் பேசி ஒரு தொகை வாங்கித் தருவதாக ஊரில் ஒருவர் முன்வருவார். மனதுக்குப் பட்ட அடியைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் குடும்பங்களுக்கு இருக்கும் வழிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றிடமும் நான் கேட்பது மூன்று கேள்விகள். பணம் எப்போது கைக்கு வரும்? அது யாருடைய கையை நம்பியிருக்கிறது? அதை வாங்குவதற்காக நாம் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் பணம் என்கிற வழிகளைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்புக்குக் காத்திருக்காத அரசுப் பணத்தை முதலில் கேளுங்கள். மனநலச் சிகிச்சையை அதே வாரத்தில் ஆரம்பியுங்கள். சிகிச்சை எதற்காக உடனே என்றால், ஆளைக் காப்பாற்றுவதோடு, பணத்துக்கான மனுவுக்கும் அது ஆதாரமாக நிற்கிறது.

சட்டப்பணிகள் ஆணைக்குழு: முதல் மனு இங்கேதான்

மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று ஓர் அலுவலகம் இருக்கும். மாவட்ட முதன்மை நீதிபதிதான் அதன் தலைவர். இலவச வக்கீல் கிடைக்கும் இடம், லோக் அதாலத் நடத்தும் இடம் என்ற அளவில் பலருக்குத் தெரியும். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் இழப்பீட்டை முடிவு செய்வதும் இதே அலுவலகம்தான் என்பது தெரிந்தவர்கள் குறைவு.

இந்த இழப்பீட்டுக்கு அடிப்படை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009 கடைசியில் நடைமுறைக்கு வந்த 357ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) என்ற புதிய சட்டத்தில் அது 396-வது பிரிவாக இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பணம் குற்றவாளியின் பையிலிருந்து வருவதில்லை, அரசின் நிதியிலிருந்து வருகிறது. அவர் தலைமறைவானாலும், சொத்தே இல்லாதவராக இருந்தாலும், ஏன், கோர்ட்டில் விடுதலையே ஆகிவிட்டாலும் பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று நீதிமன்றம் நினைத்தால் இழப்பீட்டுக்குப் பரிந்துரை செய்யலாம். தாக்கியவர் யாரென்றே கண்டுபிடிக்க முடியாமல், விசாரணையே நடக்காமல் போன வழக்கில் பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பியிருந்தவர்களோ நேராக ஆணைக்குழுவுக்கு மனு கொடுக்கலாம். மனு வந்தால் விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது.

பெண்களுக்கு இதில் தனித் திட்டம் இருக்கிறது. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2018-ல் தயாரித்த திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, மாநிலங்கள் அதில் கூட்டலாம், குறைக்கக் கூடாது என்று சொன்னது. அதன் அட்டவணைப்படி உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், பாலியல் வல்லுறவுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வல்லுறவுக்கு 5 முதல் 10 லட்சம், அமில வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம் ரூபாய். பாதிக்கப்பட்டவர் சிறுமி என்றால் இந்தத் தொகைகளுக்கு மேல் 50 சதவீதம் கூடும். ஒருவருக்கு நேர்ந்தது ஒன்றுக்கு மேற்பட்ட தலைப்புகளில் வந்தால் அவற்றைச் சேர்த்தே கணக்கிடலாம்.

இந்த அட்டவணையில் பலர் கண்ணில் படாமல் போகும் ஒரு வரி உண்டு: கொடுங்காயம், அல்லது மறுவாழ்வு தேவைப்படும் எந்த மனப் பாதிப்புக்கும் 1 முதல் 2 லட்சம் வரை. உடலில் ஒரு தையல்கூட இல்லாவிட்டாலும் மனதுக்குப் பட்ட காயத்தைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தொகையை முடிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை என்று அதே திட்டம் சொல்லும் விஷயங்களும் கிட்டத்தட்ட நம் வீட்டுக் கணக்கு மாதிரியே இருக்கும். உடல், மனச் சிகிச்சைக்கும் கவுன்சிலிங்குக்கும் ஆன செலவு, ஈமச் சடங்குச் செலவு, விசாரணைக்காக அலைந்த போக்குவரத்துச் செலவு, வேலை போனது, பள்ளி கல்லூரிக்குப் போக முடியாமல் நின்ற படிப்பு, தாக்கியவர் வீட்டுக்குள்ளேயே இருந்தவரா என்பது, இறந்தவர் என்றால் அவர் வயது, மாத வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர் என்பது. மனு எழுதும்போது "மிகவும் கஷ்டப்படுகிறோம், கருணை காட்டுங்கள்" என்று பொதுவாக எழுதுவதைவிட, இந்தத் தலைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ரசீதோடு எழுதினால் பலன் அதிகம். பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

முழுத் தொகைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். இடைக்கால நிவாரணம் கேளுங்கள். பெண்களுக்கான திட்டத்தில் இந்தத் தொகை, அந்தப் பிரிவுக்குரிய அதிகபட்ச இழப்பீட்டின் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமில வீச்சு என்றால் விஷயம் ஆணைக்குழுவின் கவனத்துக்கு வந்த 15 நாளில் 1 லட்சம், அடுத்த இரண்டு மாதத்துக்குள் இன்னும் 2 லட்சம். வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இடைக்கால இழப்பீட்டை யோசிப்பது நீதிமன்றங்களின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லியிருக்கிறது. யாரும் கேட்காததால்தான் பல வழக்குகளில் அது நடப்பதில்லை.

இதன் குறை என்ன? அலைச்சல் இருக்கும். காகிதம் ஒன்று குறைந்தாலும் மனு தூங்கிவிடும். அதனால் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று போடும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எஃப்.ஐ.ஆர். நகல், இறப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, வங்கி பாஸ்புக், ஆதார் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைப் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பணம் கிடைத்தாலும் மொத்தமும் உடனே கையில் வராது. பெண்களுக்கான திட்டத்தில் 25 சதவீதம் செலவுக்குக் கொடுத்துவிட்டு 75 சதவீதத்தை மூன்று வருட வைப்புநிதியில் போடுவார்கள். சிறார் என்றால் 80 சதவீதம், மேஜர் ஆகும் வரை. கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டுக்கு இது கசக்கும். ஆனால் விதவைக்கோ பெண் குழந்தைக்கோ வந்த தொகையை உறவினர் பங்கு போட்டுக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு இது. எனக்கு இது சரியென்றே படுகிறது. படிப்பு, மருத்துவம் மாதிரி அவசரத் தேவை இருந்தால் முன்கூட்டியே எடுக்கவும் திட்டத்தில் வழி இருக்கிறது.

பெண்களுக்கான திட்டத்தில் சம்பவம் நடந்ததிலிருந்தோ வழக்கு முடிந்ததிலிருந்தோ மூன்று வருடம் வரை மனு கொடுக்கலாம். ஆண்கள் 2013-ஆம் ஆண்டின் பொதுத் திட்டத்தின் கீழ் வருவார்கள். அதன் அட்டவணையும் கெடுவும் வேறு. ஆகவே முதல் மாதத்திலேயே மனுவைப் போட்டு, ரசீது வாங்கிவிடுங்கள். எங்கே, யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 15100 என்ற இலவச எண் இருக்கிறது.

வன்கொடுமைச் சட்டத்தின் கீழ் நிவாரணம்: வேகமானது, ஆனால் எல்லோருக்கும் கிடையாது

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும், தாக்கியவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவராகவும் இருந்தால், இந்த வழியைத்தான் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் முன்னால் வைப்பேன். காரணம், பணம் எந்தக் கட்டத்தில் விடுவிக்கப்பட வேண்டும் என்பதை விதியே வரையறுத்திருக்கிறது. கொலை வழக்கில் பாதித் தொகை பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதிப் பாதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். தீர்ப்பு என்ற வார்த்தையே அதில் வராது. குற்றப்பத்திரிகைக்கும் 60 நாள் கெடு இருக்கிறது.

மத்திய அரசின் விதிப்படி நிவாரணம் 85,000 ரூபாயிலிருந்து 8.25 லட்சம் வரை. தமிழ்நாடு அரசு 2021-ல் இதைக் குறைந்தபட்சம் 1 லட்சமாகவும் அதிகபட்சம் 12 லட்சமாகவும் உயர்த்தியது. கொலை நடந்த குடும்பத்துக்கு இந்த நிவாரணத் தொகை தவிர வேறு உரிமைகளும் உண்டு. மனைவிக்கோ நம்பியிருந்தவர்களுக்கோ மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை கல்விச் செலவு, மூன்று மாதத்துக்கு அரிசி பருப்பு என்று பட்டியல் நீளும். லட்சக் கணக்கில் வந்த தொகையைப் பற்றிப் பத்திரிகையில் வரும் அளவுக்கு இந்த ஓய்வூதியமும் வேலையும் பேசப்படுவதில்லை. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தப்போவது இவைதான். கேட்டு வாங்குங்கள். மனு மாவட்ட ஆட்சியருக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் போக வேண்டும்.

எல்லாம் ஓர் இடத்தில் சிக்கும். எஃப்.ஐ.ஆரில் வன்கொடுமைச் சட்டப் பிரிவுகள் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் தகராறு என்று பதிவாகியிருந்தால் நிவாரணக் கோப்பே திறக்காது. ஆகவே புகார் கொடுக்கும்போதே சாதிச் சான்றை இணைத்து, சாதி சொல்லித் திட்டியது போன்றவை நடந்திருந்தால் அதை நடந்தபடியே எழுதச் சொல்லுங்கள். இந்த நிவாரணத்தை வாங்கினால் வேறு இழப்பீடு கேட்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மற்றச் சட்டங்களின் கீழ் கேட்கும் உரிமைக்கு இது கூடுதல்தான் என்று 1995-ஆம் ஆண்டு விதிகளில் 12-வது விதியே சொல்கிறது.

கோர்ட் உத்தரவிடும் இழப்பீடும் சிவில் வழக்கும்

தீர்ப்பு சொல்லும்போது அபராதத் தொகையிலிருந்து பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம். இப்போது அது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 395-வது பிரிவு. நியாயமான ஏற்பாடு, ஆனால் வருடக்கணக்கில் தள்ளி வரும் பணம். குற்றம் நிரூபணமாக வேண்டும், எதிரியிடம் பணம் இருக்க வேண்டும், அவர் மேல்முறையீடு போனால் அதுவும் முடிய வேண்டும். அதனால் இதை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காமல், அரசு வக்கீலிடம் வாதத்தின் முடிவில் இழப்பீட்டையும் கேட்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். பாலியல் வன்முறை போன்ற வழக்குகளில் இழப்பீட்டுக்கும் சேர்த்தே உத்தரவிட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செஷன்ஸ் நீதிமன்றங்களுக்கு நினைவூட்டியிருக்கிறது.

சிவில் வழக்கு, எதிரிக்கு நிலமோ வீடோ தொழிலோ இருக்கும்போது மட்டும் யோசிக்க வேண்டியது. உயிரிழப்புக்கு 1855-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கோர்ட் ஃபீஸ் கட்ட வசதியில்லாதவர் அதைக் கட்டாமலே வழக்குப் போட அனுமதி கேட்கலாம். மற்றபடி, கிரிமினல் வழக்கிலேயே மூச்சு வாங்கும் குடும்பத்துக்கு இன்னொரு வழக்கைத் தலையில் ஏற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில், யாருமே நினைத்துப் பார்க்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இறந்தவரின் வங்கி பாஸ்புக்கை எடுத்து, வருடத்துக்கு ஒருமுறை 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 20 ரூபாய் என்றால் பிரதமரின் விபத்துக் காப்பீடு. கொலையும் அதில் விபத்து மரணமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது, 2 லட்சம் கிடைக்கும். 436 ரூபாய் என்றால் ஆயுள் காப்பீடு, எந்த மரணத்துக்கும் 2 லட்சம். இரண்டுக்கும் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வங்கிக் கிளையில் கோரிக்கைப் படிவத்தைத் தாமதிக்காமல் கொடுங்கள்.

"பேசி முடிச்சுக்கலாம்" என்று வருபவர்கள்

உண்மையில் பல குடும்பங்களின் முன்னால் முதலில் வந்து நிற்கும் வழி இதுதான். அரசு அலுவலகம் கூப்பிடுவதற்கு முன்னால் எதிர்த்தரப்பு ஆள் அனுப்பிவிடுவார்கள். "போன உயிர் வரவா போகுது, பொம்பளப் புள்ளைகளை வச்சிருக்கீங்க, ஒரு தொகையை வாங்கிட்டு நிம்மதியா இருங்க" என்று ஊர்ப் பெரியவரோ உறவினரோ கட்சிக்காரரோ வந்து பேசுவார். கையில் காசில்லாத நேரத்தில் ரொக்கமாக நீட்டப்படும் பணம். மற்ற எல்லா வழிகளையும்விட வேகமானது என்பதை மறுக்க முடியாது. ஏற்றுக்கொள்ளும் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பயமும் பசியும் சேர்ந்து எடுக்க வைக்கும் முடிவு அது.

ஆனாலும் என் மூன்றாவது கேள்வியை இங்கே கேட்டே ஆக வேண்டும். எதை விட்டுக்கொடுக்கிறோம்? லேசான காயம் மாதிரி சில குற்றங்களைப் பேசி முடிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. கொலை, கொலை முயற்சி, பாலியல் வல்லுறவு அந்தப் பட்டியலில் இல்லை. கொலை, வல்லுறவு மாதிரியான கொடுங்குற்றங்களைச் சமரசத்தைக் காட்டி ரத்து செய்ய முடியாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, பணம் கொடுப்பவர் வாங்க நினைப்பது உங்கள் சாட்சியத்தை. நீங்கள் கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்று சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்திருந்தால், மாற்றிச் சொன்னதற்காக உங்கள் மேலேயே பொய்ச் சாட்சி வழக்கு வரலாம். பேசிய தொகையில் முன்பணம் வந்து, மீதி சாட்சி சொன்ன பிறகு என்று இருக்கும். அந்த மீதி வராவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் போய்க் கேட்க முடியாது. கூடவே அரசு இழப்பீட்டுக்கான மனுவும் பலவீனமாகிவிடும்.

சமரசத்துக்குத் தள்ளுவது பயம் என்றால், அந்தப் பயத்துக்குத் தனியாக ஒரு மனு இருக்கிறது. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018-லிருந்து நாடு முழுவதற்கும் சட்டமாகவே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்திருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு விண்ணப்பித்தால், மிரட்டலின் அளவைப் பொறுத்துப் போலீஸ் காவல், வீட்டைச் சுற்றி ரோந்து, சாட்சி சொல்லப் போகும்போது பாதுகாப்பு, தற்காலிகமாக வேறிடத்தில் தங்க வைப்பது வரை உத்தரவிடலாம். மிரட்டிய தேதி, நேரம், வந்த போன் எண் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, அதை இணைத்து விண்ணப்பியுங்கள்.

மனதுக்கான சிகிச்சை: எங்கே, எப்போது

சம்பவம் நடந்த முதல் சில வாரங்கள் தூக்கம் வராது. கண்ணை மூடினால் அதே காட்சி வரும். கதவு தட்டினால் பதறும். சிலர் அழவே மாட்டார்கள், மரத்துப்போனது மாதிரி இருப்பார்கள். இவை எல்லாம் அந்த நேரத்தில் எதிர்பார்க்கக்கூடியவை. பலருக்குப் பாதுகாப்பான இடமும், கூட ஆளும், நேரத்துக்குச் சாப்பாடும் கிடைத்தால் மெல்லக் குறைந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் இதே தீவிரத்தில் நீடித்தால், சம்பவ இடத்தைத் தவிர்ப்பதற்காக வேலையையே விட்டுவிட்டால், குழந்தை பழையபடி படுக்கையில் சிறுநீர் கழிக்க ஆரம்பித்து நிற்கவில்லை என்றால், அது சிகிச்சை தேவைப்படும் நிலை. சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

முதல் வாரங்களில் நல்லெண்ணத்தில் நாம் செய்யும் இரண்டு காரியங்கள் தீங்காக முடியலாம். துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் "என்னம்மா நடந்துச்சு" என்று கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது ஒன்று. சம்பவத்தை ஒரே அமர்வில் முழுதாகச் சொல்ல வைத்துவிட்டால் மனப்பாரம் இறங்கிவிடும் என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை, இப்போது அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. இரண்டாவது, மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது. டயஸிபாம், அல்பிரஸோலம் வகை மாத்திரைகளை இத்தகைய அதிர்ச்சிக்கு முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே வழிகாட்டியிருக்கிறது. கோயிலில் வேப்பிலை அடித்து மந்திரிப்பதும், தர்காவில் ஓதிக் கயிறு கட்டுவதும் வீட்டாருக்கு ஆறுதல் தந்தால் செய்யட்டும், அதற்காகச் சிகிச்சையை மட்டும் நிறுத்த வேண்டாம்.

இனி வழிகள். நள்ளிரவில் மூச்சு முட்டும்போது எடுக்க வேண்டியது போன்தான்: 14416. 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் இந்த இலவச எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் தெரியும். முகம் காட்டத் தயங்குகிறவருக்கு நல்ல முதல் படி. தொடர் சிகிச்சைக்கு அது போதாது, அங்கே பேசுபவரே அடுத்து எங்கே போகலாம் என்று சொல்வார்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருவார். ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கூட்டம், சில நிமிடப் பேச்சு, ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர். தனியாரிடம் போனால் ஒரே நபரிடம் நிதானமாகப் பேசலாம், செலவு ஆகும். இந்த வகை அதிர்ச்சிக்குப் பலன் தருவதாக உறுதிப்பட்ட பேச்சுச் சிகிச்சைக்கு 8 முதல் 12 அமர்வு வரை தேவைப்படுவது வழக்கம் என்பதால், மொத்தச் செலவை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்துவது நல்லதில்லை. கவுன்சிலர் என்று போர்டு வைத்திருப்பவர் எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள் கிடையாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை.

பெண்களுக்கு இன்னொரு இடமும் உண்டு. மாவட்டந்தோறும் உள்ள சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் கவுன்சிலிங், மருத்துவ உதவி, போலீஸ், வக்கீல் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் தொடர்பு கிடைக்கும். ஐந்து நாள் வரை தங்கவும் செய்யலாம். 181-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். தாக்கியவர் கணவனாகவோ வீட்டு ஆளாகவோ இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அதே கூரைக்குக் கீழே பயந்துகொண்டே இருக்கும் வரை எந்தப் பேச்சுச் சிகிச்சையும் ஏறாது.

என் தேர்வு இரண்டையும் கலப்பது. நோயறிதலும் பதிவும் அரசு மருத்துவமனையில் இருக்கட்டும். தொடர்ந்து பேசும் சிகிச்சையை, சகி மையமோ தொண்டு நிறுவனமோ தனியாரோ, ஒரே நபர் கடைசிவரை இருக்கக்கூடிய இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டிலும் மருத்துவர் எழுதும் குறிப்பிலும் "சம்பவத்துக்குப் பின்" என்று தேதியோடு பதிவாகிவிட்டால், மேலே சொன்ன மனப் பாதிப்புக்கான இழப்பீட்டுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஆறு மாதம் கழித்து முதல்முறையாக மருத்துவரைப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்தே தூக்கமில்லை என்று சொன்னால் நிரூபிப்பது கஷ்டம்.

"மனநல மருத்துவரைப் பார்த்தால் சாட்சியே செல்லாது, பைத்தியம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார்" என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவோடு பதில் சொல்ல முடிகிற எவரும் சாட்சி சொல்லலாம் என்பதுதான் சட்டம். மனநோய் உள்ளவரைக்கூட அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒதுக்க முடியாது. பல மாதம் தூங்காமல், நினைவு குழம்பிப் போய்க் கூண்டில் ஏறுபவரைவிடச் சிகிச்சை எடுத்துத் தெளிந்து ஏறுபவரின் சாட்சிதான் குறுக்கு விசாரணையில் நிற்கும்.

யார் எதிலிருந்து தொடங்கலாம்

பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் வரிசையே மாறும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்குப் பதிவானதும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். அந்தக் குழு, வழக்கு முடியும் வரை கூடவே இருக்க ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். சாப்பாடு, துணி, போக்குவரத்து மாதிரி உடனடித் தேவைக்குச் சிறப்பு நிவாரணமும் பரிந்துரைக்கலாம், அது ஒரு வாரத்துக்குள் வர வேண்டும். இடைக்கால இழப்பீட்டைச் சிறப்பு நீதிமன்றத்திலேயே எஃப்.ஐ.ஆருக்குப் பின் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். உத்தரவு வந்த 30 நாளில் கொடுக்க வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. ஆதரவு நபரை முதலில் கேளுங்கள். அவர் வந்துவிட்டால் மற்ற மனுக்களுக்கு அவரே துணை நிற்பார்.

பாலியல் வன்முறைக்கோ அமில வீச்சுக்கோ ஆளான பெண் என்றால் ஆஸ்பத்திரிதான் முதல் இடம். அரசு, தனியார் எதுவானாலும் இலவசமாகச் சிகிச்சை தந்தே ஆக வேண்டும், மறுத்தால் ஓராண்டு வரை சிறை. அட்வான்ஸ் கேட்டால் பி.என்.எஸ்.எஸ். 397-வது பிரிவு என்று சொல்லுங்கள். அங்கிருந்தே சகி மையத்துக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் தகவல் போகட்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

கைக்குள் குறைவாகவே வழிகள் இருப்பது, வன்கொடுமைச் சட்டத்தில் வராத ஓர் ஆண் கொலையான அல்லது வெட்டுப்பட்டுக் கிடக்கிற குடும்பத்துக்கு. தனித் திட்டமும் இல்லை, தனி மையமும் இல்லை. வெட்டுப்பட்ட ஆண் மனநல மருத்துவரிடம் போவது அதைவிட அபூர்வம். பலருக்கு அது குடியில் போய் முடிகிறது. இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்லும் வரிசை இது: பாஸ்புக்கைப் பார்த்துக் காப்பீட்டுக் கோரிக்கை. எதிரி யாரென்று தெரிந்த வழக்கு என்றால், இடைக்கால நிவாரணத்துக்குப் பரிந்துரைக்கச் சொல்லி வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே மனு. அதன் நகலோடு சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் 2013 திட்டத்தின் கீழ் மனு. காயத்துக்குக் கட்டு மாற்ற ஜி.எச்.சுக்குப் போகும் அதே நாளில், அதே ஓ.பி. வரிசையில், மனநலப் பிரிவுக்கும் ஒரு சீட்டு.

தொகை குறைவாக வந்தாலோ மனு தள்ளுபடியானாலோ அதோடு விட்டுவிட வேண்டாம். சென்னையில் இருக்கும் மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம். பெண்களுக்கான திட்டத்தில் அதற்கு உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 30 நாள். உத்தரவு வந்த உறையைத் தபால் முத்திரையோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கெடு எந்த நாளில் ஆரம்பித்தது என்பதற்கு அதுதான் சாட்சி.